பதினான்காம் கேள்விக்கு நான் போட்ட டிக்

என் நாற்காலிக்கு இப்போது வந்திருக்கும் முத்துச்செல்வி போன வாரம் போன் செய்தார். இணையவழிப் பயிற்சி மையம் திறப்பதற்கு ஒரு கட்டடத்தைப் பார்த்துச் சரி சொல்லும் வேலை அவருக்கு வந்திருக்கிறது. என் காலத்தில் அதற்கு இருபது கேள்விகள் உள்ள படிவம் உண்டு. இப்போது செல்போனில் ஒரு செயலி. ஆறு படம் எடுத்து ஏற்றினால் போதுமாம்.

“படம் எல்லாம் எடுத்துட்டேன் சார். ஆனா பழைய படிவத்துல உள்ள பதினாலாவது கேள்விக்கு மட்டும், வெளியூர் ஆள் ஒருத்தர அந்த ரூம்ல உக்கார வச்சு, அவரு கையால எழுதி வாங்கணும்னு மாவட்ட ஆபீஸ்ல சொல்லுதாங்க. அது என்னத்துக்கு சார்? யாரக் கேட்டாலும் ‘ஆறுமுகம் சாரக் கேளு’ன்னு சிரிக்காங்க” என்றார்.

சிரிக்கத்தான் செய்வார்கள். அந்த விதி வந்ததே என்னால்தான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அவருக்கு எழுதுவதை மற்றவர்களும் படிக்கட்டும். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

நான் சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறி வீட்டுப் பிள்ளை. இருபத்தாறு வயதில் திருநெல்வேலியில் தொழில் துறையின் அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் ஒரு வருடம் நான் கற்றுக்கொண்டதில் பாதி, மெதுவாகப் பேசுவது. “ஏன்வே, நான் என்ன ஆத்துக்கு அக்கரையிலயா இருக்கேன்?” என்று எங்கள் பிரிவு எழுத்தர் தினமும் ஒரு தடவையாவது கேட்பார். பிரிவே சிரிக்கும். தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவனுக்கு அதுதான் சாதாரணக் குரல். கூச்சத்தில் குரலைக் குறைத்தேன். குரலோடு சேர்த்து எந்தத் தெரு, என்ன வீடு என்று சொல்வதையும் குறைத்துக்கொண்டேன். கேட்டால் “சங்கரன்கோவில் பக்கம்” என்பேன், அவ்வளவுதான். அதன் பிறகு துறைத் தேர்வுகள், இடமாற்றங்கள், எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரி பச்சைக் கயிறு கட்டிய கோப்புகள். கடைசி எட்டு வருடம் சொந்த ஊரிலேயே விரிவாக்க அலுவலராக வந்து உட்கார்ந்தேன். அதற்குள் பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம் புது வீடு கட்டிக் குடியேறிவிட்டதால் தறித் தெருவில் என்னைத் தெரிந்தவர்கள் குறைவு.

அந்தச் சமயத்தில்தான் சிறு நகரங்களுக்கும் கம்ப்யூட்டர் வேலை போகவேண்டும் என்று ஒரு கொள்கை வந்தது. அரசின் உதவி எண்ணுக்கு மக்கள் போன் செய்தால், அதை எடுத்துப் பேசும் வேலை சென்னையில் மட்டும் இருக்கவேண்டியது இல்லை, சங்கரன்கோவிலில் இருந்தும் பேசலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களுக்கு உள்ளூர் மையத்தில் நான்கு மாதம் இணையவழிப் பயிற்சி. கடைசியில் காணொளியில் ஒரு தேர்வு. தேறினால் உள்ளூரிலேயே வேலை. நல்ல திட்டம், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் சென்னையில் பெரிய பெரிய வார்த்தைகளோடு புறப்படும் எந்தக் கொள்கையும் எங்களை மாதிரி ஆட்களிடம் வரும்போது ஒரு படிவமாகத்தான் வரும். நாங்கள் போடும் டிக்கில்தான் அது நிற்கும், இல்லை விழும். இதை முப்பது வருடம் வேலை பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன் என்பது எனக்குப் பெருமை இல்லை.

படிவம் போய்ச் சேரும் இடம் தென்காசியில் உதவி இயக்குநர் பத்மாவதி மேடத்தின் மேசை. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சத்தம் போடமாட்டார், கோப்பை வீசமாட்டார், சிவப்பு மையால் கிறுக்கமாட்டார். ஒரு கூர்மையான பென்சில் வைத்திருப்பார். எங்கே சந்தேகமோ அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான், கோப்பு திரும்பிவிடும். என்ன தவறு என்று எழுதமாட்டார். நாமே கண்டுபிடிக்கவேண்டும். எங்கள் கண்காணிப்பாளர் சுடலைமுத்து அண்ணாச்சி, “அந்தம்மா திட்டிட்டாக்கூட ரெண்டு வாய் சோறு எறங்கும்வே. இந்தப் புள்ளி இருக்கே, அது ராத்திரி கண்ண மூடுனா வந்து நிக்கி” என்பார்.

கோப்பை எடுத்துக்கொண்டு நேரில் போனால் எப்போதும் மூன்று கேள்விகள். எந்த நேரத்தில் போனீர்கள்? எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள்? கூட யார் இருந்தார்கள்? ‘ஆய்வு செய்யப்பட்டது’ என்று மொட்டையாக எழுதினால் அவரிடம் செல்லாது. கழிப்பறை இருக்கிறது என்று எழுதினால், தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா என்பார். அவரிடம் வேலை பார்த்த பிறகுதான் நான் ஆய்வு என்ற சொல்லையே மரியாதையோடு எழுத ஆரம்பித்தேன்.

சங்கரன்கோவில் மையத்துக்கு, மகளிர் குழுவின் பூட்டிக் கிடந்த பழைய கட்டடம் ஒன்று கிடைத்தது. பயிற்சிக்குச் சேர்ந்த பன்னிரண்டு பெண்களில் முக்கால்வாசிப் பேர் நடந்தே வரும் தூரம். அதை நான் பார்த்த பார்வை மாதிரி யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். வீட்டில் இருந்து மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு பிளக்கிலும் சொருகினேன். கழிப்பறையில் நான்கு வாளி ஊற்றினேன். மேற்கூரையில் பழைய ஈரத்தின் வளையம் இருக்கிறதா என்று ஏணி போட்டுப் பார்த்தேன். இணைய வேகத்தைக் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் அளந்து குறித்தேன். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் எத்தனை படி ஏறவேண்டும் என்பதுவரை எழுதினேன்.

பதினான்காம் கேள்வி இது: ‘அறை வெளிச் சத்தம் இல்லாமல் அமைதியாக உள்ளதா?’ மேடம் சொல்லிக்கொடுத்த முறைப்படி அறையின் நடுவே நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். காதில் விழுந்ததை எல்லாம் குறிப்புப் பகுதியில் எழுதினேன். காகம், மூன்று முறை. பைக் ஹாரன், ஒரு முறை. அடுத்த வீட்டில் குக்கர் விசில், இரண்டு. ‘பயிற்சிக்கு இடையூறு இல்லை’ என்று எழுதி டிக் போட்டேன்.

கோப்பு திரும்பி வந்தது. பதினான்குக்கு நேரே புள்ளி.

எனக்குக் கோபம்தான் வந்தது. குக்கர் விசிலையே எண்ணி எழுதியவனுக்கும் புள்ளியா? மறுநாள் மறுபடியும் போனேன். இந்த முறை பத்து நிமிடம். ஒரு காகம், ஒரு பழவண்டிக்காரரின் மைக். ‘மறு ஆய்வு செய்யப்பட்டது, அமைதியான அறை’ என்று எழுதினேன். மேடம் படித்துவிட்டு, “ரெண்டு தடவை போயிருக்கீங்க, சரி” என்று கையெழுத்துப் போட்டார். அவர் இடத்தைப் பார்க்காமல் என் சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

பயிற்சி நடந்தது. பாடங்கள் எல்லாம் முன்பே பதிவு செய்த காணொளிகள். பெண்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பார்கள், பதிலை டைப் செய்வார்கள். நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட எதிர்முனையில் உயிருள்ள மனிதர் எவரும் இவர்கள் பேசிக் கேட்கவில்லை. இதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

பன்னிரண்டு பேரில் கோமதியைத் தனியாகச் சொல்லவேண்டும். முப்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைகள். வீட்டில் தறிக்குத் தார் சுற்றும் வேலை. ஊடை நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றிக் கொடுப்பது. ஓடுகிற தறியில் அந்த நூலைக் குறுக்கே கொண்டு பாயும் நாடாக் கட்டை தெறித்து அவள் கணவனுக்கு ஒரு கண் போய்விட்டது. அதன் பிறகு அவர் தறிப் பக்கம் போகவில்லை, வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார். திட்டத்தில் வயது வரம்பு முப்பத்தைந்து. “இத விட்டா எனக்கு வேற பஸ் கெடையாது சார்” என்று முதல் நாளே சொன்னவள். மாதிரித் தேர்வுகளில் அவளுக்குத்தான் எப்போதும் முதலிடம். ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பதில் இருந்து முதியோர் உதவித்தொகை வரை எல்லா விதியையும் தலைகீழாகச் சொல்வாள்.

தேர்வு நாளில் முதலில் அழைக்கப்பட்டதும் கோமதிதான். நான் கேமராவில் விழாமல் சுவரோரம் நின்றேன். திரையில் ஓர் ஆண், ஒரு பெண், இரண்டு தேர்வாளர்கள்.

“பின்னாடி என்னம்மா சத்தம்?” என்றார் அந்த ஆண்.

கோமதி திரும்பிப் பார்த்தாள். “சத்தம் ஒண்ணும் இல்லையே சார்.”

“மழை பெய்யுதா அங்க?”

“மழையா? நல்லா வெயில் அடிக்கி சார்.”

“ஏதாவது மெஷின் ஓடுதா?”

கோமதி என்னைப் பார்த்தாள். நான் மேலே காற்றாடியைக் காட்டினேன். ஓடிப்போய் அதை நிறுத்தினேன். “ஃபேன்தான் ஓடுச்சு சார், நிப்பாட்டியாச்சு” என்றாள் அவள்.

“நிக்கலையே. அதே சத்தம் இருக்கு. சரி, நீங்க ஏன் கத்துறீங்க?”

“நான் கத்தலையே சார், எப்பவும் பேசுத மாதிரிதான் பேசுதேன்.”

தேர்வாளர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு கேள்வியோடு முடித்துவிட்டார்கள். அடுத்து வந்தவர்களிடமும் இதே கேள்வி, இதே பதில். பன்னிரண்டு பேரும் சத்தியமாகச் சத்தம் இல்லை என்றார்கள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. சென்னையில்தான் கம்ப்யூட்டரில் கோளாறு என்று நினைத்தேன். கடைசிப் பெண் முடித்ததும், “அவங்க ஸ்பீக்கர மாத்தச் சொல்லணும்” என்று அந்தப் பெண்களிடம் பெரிய மனிதன் மாதிரி வேறு சொன்னேன்.

பத்து நாளில் முடிவு வந்தது. பன்னிரண்டு பேரும் தகுதி இல்லை. குறிப்பில், ‘அறிவிக்கப்பட்ட மையத்தில் இருந்து பேசவில்லை என ஐயம். கேட்டபோது உண்மையை மறைத்தனர்’ என்று இருந்தது. விதிமீறல் என்பதால் மறுபடியும் விண்ணப்பிக்கவும் முடியாது.

அடுத்த நாள் கோமதி அலுவலகத்துக்கு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “தோத்துட்டேன்னு சொன்னாக்கூட தாங்கிக்கிடுவேன் சார். பொய் சொன்னேன்னுல்லா எழுதியிருக்காங்க. நான் என்ன பொய் சொன்னேன்? எம் பிள்ளைய கேட்டா நான் என்ன சொல்ல?” என்றாள். விசாரிக்கிறேன் என்றேன். விசாரிப்பது என்றால் என்ன என்று எனக்கே தெரியாது.

அன்று மதியமே தென்காசிக்குக் கூப்பிட்டார்கள். மேடத்தின் அறைக் கதவு சாத்தியிருந்தது. கம்ப்யூட்டரில் தேர்வின் பதிவை ஓடவிட்டார்.

முதலில் ஒரு பெரிய இரைச்சல். கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகத் தகரப் பாலத்தின் மேல் போகிற மாதிரி. அதற்குள் இருந்து கோமதி தொண்டை கிழியக் கத்துகிறாள்: “சத்தம் ஒண்ணும் இல்லையே சார்!”

அது தறி. கட்டடத்தின் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறி ஓடும் செட்டு இருக்கிறது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். படிவத்தின் முதல் பக்கத்தில் ‘கிழக்கே விசைத்தறிக் கூடம்’ என்று என் கையாலேயே எல்லை எழுதியிருக்கிறேன். மேடம் முதலில் புள்ளி வைத்தது அதைப் பார்த்துத்தான். ஆனால் அங்கே உட்கார்ந்து கண்ணை மூடியபோது அது எனக்குக் கேட்கவில்லை. தறிச் சத்தத்தில் பிறந்து, அதில் தூங்கி, அதில் படித்தவனுக்கு அது ஒரு சத்தமே இல்லை. அது நின்றால்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் திடுக்கிட்டு எழுவார்கள், கரண்ட் போய்விட்டதா என்று. தென்காசியில் அந்த அமைதியான அறையில், ஒரு சின்ன ஸ்பீக்கர் வழியாகத்தான் ஐம்பத்தொன்பது வயதில் முதன்முதலாக எங்கள் தெருவின் சத்தத்தைக் கேட்டேன்.

“மேடம், இது தறி” என்றேன்.

“தெரியுது. நீங்க ரெண்டு தடவை போனீங்க. ரெண்டு தடவையும் காக்கா எழுதியிருக்கீங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு விதியைச் சொன்னார். மறுதேர்வு வேண்டும் என்றால் மையத்தில் குறை இருந்ததாக நிரூபிக்கவேண்டும். ஆனால் மையம் அமைதியானது என்று கையெழுத்துப் போட்ட சான்று சென்னையில் இருக்கிறது. அந்தச் சான்று நிற்கும்வரை பொய் சொன்னவர்கள் இந்தப் பெண்கள்தான். சான்று தவறு என்று அதைக் கொடுத்தவரே எழுதினால் மட்டும் கோப்பு திறக்கும். “உங்களுக்கு ரிட்டயர்மென்ட் எப்போ?” என்று கேட்டார். நான்கு மாதம் என்றேன். “என்ன எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

அரசு வேலையில் இல்லாதவர்களுக்கு இது புரிய ஒரு வரி சொல்லவேண்டும். ஓய்வு பெறும் நேரத்தில் ஒருவர் மேல் ‘பதினேழு பி’ என்ற குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்துவிட்டால், அது முடியும்வரை ஓய்வு பெற விடமாட்டார்கள். முடிய எத்தனை காலம் ஆகும் என்று ஆண்டவனுக்கும் தெரியாது. பொய்ச் சான்று கொடுத்தேன் என்று நானே எழுதிக் கொடுப்பது, வலியப் போய் அதை வாங்கிக் கட்டிக்கொள்வதுதான்.

சுடலைமுத்து அண்ணாச்சி என்னைத் தேநீர் குடிக்க வெளியே கூட்டிப்போனார். “ஏன்வே ஆறுமுகம், ஒமக்கு புத்தி கித்தி இருக்கா? நீரு போன அன்னைக்கு அந்தத் தறி ஓடல, பொறவுதான் செட்டு போட்டானுவன்னு எழுதும். சோலி முடிஞ்சு. பிள்ளையளுக்கும் பரீட்ச உண்டு, ஒமக்கும் மால உண்டு” என்றார்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன், அன்று சாயங்காலமே அப்படி ஒரு கடிதம் எழுதிவிட்டேன். ‘ஆய்வுக்குப் பின்னர் புதிதாக இயக்கப்பட்ட தறிகளால்’ என்று ஆரம்பிக்கும். என் கையெழுத்து அவ்வளவு அழகாக என்றைக்கும் அமைந்ததில்லை. அதை உறுதிப்படுத்தச் செட்டு உரிமையாளரிடம் ஒரு வரி வாங்கவேண்டும் என்று அவரைத் தேடிப் போனேன். சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும். கடிதத்தைப் படித்தார்.

“எழுதித் தாரேன் சார், அதுக்கென்ன. ஆனா புதுசா தறி போட்டேன்னு நானே எழுதிக் குடுத்தா, அனுமதி எங்கன்னு நாளைக்கே நோட்டீசு வருமே. செட்ட நிப்பாட்டச் சொல்லுவாங்க. முப்பது வருசமா ஓடுத தறி சார் இது” என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஓட்டுதவங்கள்ல ரெண்டு பொம்பளையளுக்கு மக்கமாரு ஒங்ககிட்டதான் படிக்கி. தாய்க்கு இருக்க வேலய எடுத்து மகளுக்குக் குடுக்கவா?” என்றார்.

நான் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கிழித்தேன். என் மனைவி, “என்ன எழுதுதீங்க, என்ன கிழிக்கீங்க?” என்றாள். சொன்னேன். “அந்தப் பிள்ளைக்கு வயசு முடியுதுன்னீங்களே. நமக்கு இனி என்ன வயசா முடியப்போவுது?” என்றாள்.

மறுநாள் உண்மையை எழுதிக்கொண்டு போனேன். சான்று தவறு, தறி அப்போதும் ஓடியது, என் கவனக்குறைவால் குறிப்பிடத் தவறிவிட்டேன் என்று ஐந்து வரி. மேடம் இரண்டு முறை படித்தார். பென்சிலை எடுத்தார். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்கு நேரே புள்ளி வைத்தார்.

நான் நொந்துபோனேன். “இதுக்கு மேல என்ன மேடம் எழுத?” என்றேன்.

வாய் திறந்து அவர் ஒரு புள்ளிக்கு விளக்கம் சொன்னது அன்று மட்டும்தான். “கவனக்குறைவுன்னா நீங்க போகாம டிக் போட்டிருக்கணும். நீங்க குக்கர் விசில எண்ணியிருக்கீங்க. கவனிக்காதவர் இல்ல நீங்க. அப்ப ஏன் கேக்கல? அந்தப் பொண்ணுங்களுக்கு ஏன் கேக்கலையோ அதே காரணம்தானே? அத நீங்க எழுதலைன்னா அவங்க சொன்னது உண்மைன்னு எப்படி நிரூபிப்பீங்க?”

முப்பத்து மூன்று வருடம் ஓர் அலுவலகத்திலும் எழுதாத வரியை அன்று எழுதினேன். நான் சங்கரன்கோவிலில் விசைத்தறி நெசவாளர் வீட்டில் பிறந்தவன். தறியின் சத்தம் எனக்குக் காதில் விழுவது இல்லை. தேர்வு எழுதிய பன்னிரண்டு பேரும் அதே தெருக்களில் பிறந்தவர்கள். சத்தம் இல்லை என்று அவர்கள் சொன்னது அவர்களுக்குத் தெரிந்த உண்மை. எழுதும்போது இரண்டு தடவை அடித்துத் திருத்தினேன். வெட்கமா, பயமா என்று இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை. மேடம் அதில் புள்ளி வைக்கவில்லை. தேர்வுப் பதிவையும், அதே அறையில் தறி நின்றபோது எடுத்த இன்னொரு பதிவையும் சேர்த்துச் சென்னைக்கு அனுப்பினார்.

மூன்று வாரத்தில் மறுதேர்வுக்கு உத்தரவு வந்தது. ‘உண்மையை மறைத்தனர்’ என்ற குறிப்பு நீக்கப்பட்டது. இந்த முறை மேடமே இடம் பார்த்தார். “உங்க காத நம்ப வேண்டாம்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வெளியூர் ஆளை உட்கார வைக்கும் விதி அதன் பிறகு வந்ததுதான். சங்கரன்கோவிலுக்குள் அவர் உட்கார்ந்த இடம் எதுவும் அவருக்குச் சரிப்படவில்லை. கடைசியில் மேலநீலிதநல்லூரில், சுற்றிலும் மானாவாரிக் காடாகக் கிடக்கும் ஓர் ஓரத்தில், ஒரு சமுதாயக் கூடத்தின் அறை அவருக்குப் பிடித்தது.

தேர்வுக்கு முன்பு ஒரு வாரம் பழகட்டும் என்று பெண்களை டவுன் பஸ்ஸில் அங்கே கூட்டிப்போனோம். முதல் நாள் பன்னிரண்டு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் கோமதி காதைத் தேய்த்துக்கொண்டு, “சார், காது அடச்சுப்போச்சு” என்றாள். அவள் குரல் நான்கு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். “ஆத்தாடி, நானா பேசுனேன்?” என்றாள், இந்த முறை ரகசியமாக. எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒரு வாரத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரவர் குரல் அவரவருக்கே கேட்டது, தானாக இறங்கியது.

மறுதேர்வில் எட்டுப் பேர் தேறினார்கள். கோமதிக்கு முதலிடம். தேறாத நான்கு பேரும் தோற்றதாகத்தான் பதிவானது, பொய் சொன்னதாக அல்ல. அடுத்த முறை எழுத அவர்களுக்கு வழி இருந்தது.

எனக்கு நான் எதிர்பார்த்தபடியே குறிப்பாணை வந்தது. மேடம் என் சார்பில் நீளமாகவே எழுதினார். ஆனாலும் விதி விதிதான். ஓய்வு பெறவேண்டிய கடைசி நாளில், ‘பணி இடைநீக்கம், ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை’ என்ற உத்தரவு வந்தது. மாலை இல்லை, பேச்சு இல்லை, வீடுவரை கொண்டுவந்து விடும் கார் இல்லை. சுடலைமுத்து அண்ணாச்சி என் சாப்பாட்டுத் தூக்கைப் பஸ் நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். செய்தது சரி என்று தெரிந்தாலும், வீட்டில் போய்ப் படுத்தால் தூக்கம் வரவேண்டுமே! ஐந்து மாதம் கழித்து, வெறும் கண்டனத்தோடு முடித்து விடுவித்தார்கள்.

அந்த ஐந்து மாதத்துக்கு நடுவே ஒரு நாள், என் விளக்கத்தைக் கொடுப்பதற்காக அலுவலகத்தில், வெளியாட்கள் உட்காரும் பெஞ்சில் காத்திருந்தேன். கோமதி வந்தாள். கையில் வேலை உத்தரவு. பயிற்சிக்கு ஒழுங்காக வந்தாள் என்ற வருகைச் சான்றில் விரிவாக்க அலுவலர் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை சேர்ந்துவிடலாம். தாளை என்னிடம் நீட்டினாள்.

“எனக்கு இப்ப கையெழுத்துப் போடுத அதிகாரம் இல்லம்மா. உள்ள பொறுப்பு அலுவலர் இருக்காரு, அவருட்ட வாங்கிக்கோ” என்றேன்.

“ஏன் சார்? ஒங்களுக்கு என்ன?”

மழுப்பியிருக்கலாம். முடியவில்லை. “மொதல்ல அந்தக் கட்டடத்துக்கு, சத்தம் இல்லன்னு டிக் போட்டது நான்தான்” என்றேன்.

அவள் முகம் மாறியது. அவள் பட்டதெல்லாம் யாரோ ஓர் இன்ஜினீயர் செய்த வேலை என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. தாளைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

“அங்கன வந்து உக்காந்து பாத்தீங்களா, இல்ல இங்கன இருந்தே போட்டீங்களா?”

“வந்து உக்காந்தேன். ரெண்டு தடவ.”

“ரெண்டு தடவயும் கேக்கலையா?”

“கேக்கல.”

என்னையே பார்த்தாள். தலையில் இருந்து செருப்புவரை பார்த்தாள். பிறகு அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: “எந்தத் தெரு சார் நீங்க?”

தெருவின் பெயரைச் சொன்னேன்.

“அதானே பாத்தேன்! எங்க அம்ம பொறந்த தெருல்லா அது. அங்கன உள்ளவங்களுக்கு இடி விழுந்தாலும் கேக்காது” என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். போகும்போது, “வாரேன் மாமா” என்று சொல்லிவிட்டு, கையெழுத்து வாங்க உள்ளே போனாள். என் முப்பத்து மூன்று வருட வேலைக்கு நடந்த பிரிவுபசாரம் அது ஒன்றுதான்.